எண் தேய்ந்த புரொப்பல்லர்

இந்தக் கதையை நான் பன்னிரண்டு வருடமாகச் சந்தேகப்பட்டிருக்கிறேன். சில வருடங்கள் முழுதாக நம்பாமல் இருந்தேன், சில வருடங்கள் பாதி நம்பினேன், என் விமானம் மூன்றாவது முறையாக மூக்கு நொறுங்கிக் கிடந்த ஒரு வருடம் மட்டும் வெறும் எரிச்சலில் முழுதாகவே நம்பினேன். சொன்னவர் பொய் சொல்லக்கூடியவராக இருந்திருந்தால் இவ்வளவு காலம் இழுத்திருக்காது. அருள்ஞானம் அண்ணாச்சி கோவில்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். எரிந்துபோன கிணற்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம், "தண்ணி இல்லாம ஓட்டுனது நீரு, மோட்டாரக் கொற சொல்லாதயும்" என்று முகத்துக்கு நேரே சொல்லி, அதனாலேயே பாதி வாடிக்கையை எதிர்க்கடைக்கு அனுப்பியவர். அப்படிப்பட்டவர் ஒரு விமானம் ஐந்து மாதம் ஆகாயத்தில் தொங்கியது என்று, நேற்று மழை பெய்தது என்று சொல்கிற குரலில் சொன்னால், கேட்பவன் என்ன செய்வது?

எங்கள் இருவரையும் சேர்த்தது ஒரே பைத்தியம்தான். ரேடியோ என்று நாங்கள் சொல்லும் இயக்குபெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டரியில் ஓடும் சிறிய விமானத்தை ஆகாயத்தில் குட்டிக்கரணம் அடிக்க வைக்கும் பைத்தியம். அதில் இறங்குகிறவர்கள் முதலில் விமானத்தைப் பற்றிக் கவலைப்படுவார்கள், பிறகு மோட்டாரைப் பற்றி, பிறகு பாட்டரியைப் பற்றி. கடைசியில், வேறு எதுவும் குறை சொல்ல மிச்சமில்லாதபோது, புரொப்பல்லரிடம் வந்து சேர்வார்கள், அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். புரொப்பல்லரின் ஓர் இலையில், மையத்துக்குப் பக்கத்தில், இரண்டு எண்கள் புடைப்பாக இருக்கும். முதல் எண் அது சுற்றும் வட்டத்தின் குறுக்களவு, அங்குலத்தில். இரண்டாவது எண், காற்று மரக்கட்டை மாதிரியும் புரொப்பல்லர் திருகாணி மாதிரியும் இருந்தால் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னால் போகும் என்பது; அதைத்தான் முறுக்கம் என்போம். காற்று மரக்கட்டை இல்லை. எல்லாக் கஷ்டமும் அங்கேதான் தொடங்குகிறது.

பெரிய புரொப்பல்லர் போட்டால் விமானம் துள்ளி ஏறும், ஆனால் மோட்டார் கரண்டைக் குடித்துச் சுட்டுக் கருகும். சிறியதைப் போட்டு முறுக்கத்தைக் கூட்டினால் வேகம் வரும், ஆனால் தலைகீழாக இறங்கும்போது கல் விழுகிற மாதிரி விழும். முறுக்கத்தைக் குறைத்தால் மூக்கை வானத்துக்கு நீட்டி ஓரிடத்தில் நிற்க வைக்கலாம், ஆனால் ஏறச் சொன்னால் கூப்பிட்ட குரலுக்கு வராத பசு மாதிரி யோசிக்கும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும். என்னிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய நாற்பத்து மூன்று புரொப்பல்லர்கள் இருக்கின்றன; நாற்பத்து மூன்றும் கிட்டத்தட்டச் சரி. கிட்டத்தட்டச் சரியான பொருள்களோடு இருபது வருடம் வாழ்வது எப்படி இருக்கும் என்று, வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அண்ணாச்சிக்கு அது இன்னும் மோசம். மோட்டார் எரிந்தால் அவருக்குக் கவலையில்லை, கழற்றி, செம்புக் கம்பியைப் பிரித்து, சுற்று எண்ணிக்கையை மாற்றி அன்றைக்கே திரும்பக் கட்டிவிடுவார். தன் விமானத்தின் மோட்டாரைப் பதினோரு தடவை அப்படிக் கட்டியிருந்தார். "மோட்டாரு நாஞ் சொன்னபடி கேக்கும் சார்வாள்" என்பார் என்னிடம். நான் பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பதால் எனக்கு எப்போதும் சார்வாள்தான். "இந்த ப்ராப் இருக்கே, அது யாரு பேச்சும் கேக்காது. அத நாஞ் செஞ்சிருந்தா கேட்டிருக்கும்." அவர் தேடியது ஒன்றே ஒன்று: ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே வேகத்தில் போகவைக்கும், நிற்கச் சொன்னால் நிற்கவைக்கும், மோட்டாரைச் சுடாத புரொப்பல்லர். விமானத்தோடு கூடவே வந்த முதல் புரொப்பல்லரை, பதிமூன்றுக்கு ஆறரை, ஒரே நாள் ஓட்டிவிட்டுத் தகர டப்பாவில் தூக்கிப் போட்டார். கூட வந்தது எப்படிச் சரியாக இருக்கும் என்பது அவர் கட்சி. அதற்குப் பிறகு முப்பதை வாங்கினார். ஒவ்வொன்றையும் போட்டு, ஆம்பியர் மீட்டரில் அளந்து, நோட்டில் எழுதி, பக்கத்தின் கடைசியில் ஒரே வார்த்தையை எழுதினார்: இல்லை.

அவர் விமானம் விட்ட இடம் பூலாநத்தம். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அங்கே யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுதளம் ஒன்று கரிசல் காட்டின் நடுவில் படுத்துக்கிடக்கிறது. ஊருக்கு அது ஏரோட்ரம். அதில் விமானம் இறங்கி யாரும் பார்த்ததில்லை. உளுந்தும் கம்பும் மக்காச்சோளமும் மிளகாயும் காய்வதைத்தான் பார்த்திருக்கிறார்கள். இத்தனை நீளக் களம் சுற்று வட்டாரத்தில் எந்த ஊருக்கும் கிடையாது என்பதில் அவர்களுக்குப் பெருமை உண்டு. அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வடக்கு ஓரத்தில் விட்டுக்கொள்வார். தானியத்தின் மேல் விழாத வரைக்கும் யாரும் அவரை ஒன்றும் சொன்னதில்லை.

அந்த வருடம் தையிலும் மாசியிலும் காற்றே இல்லை. உளுந்துச் செடியைப் பிடுங்கிக் காயப்போட்டு, டிராக்டரை மேலே ஓட்டி உடைத்து வைத்துவிட்டு, தூற்றுவதற்குக் காற்று வருமா என்று பெண்கள் சுளகோடு காத்துக்கிடந்தார்கள். முந்தானை அசையவில்லை. வாடகைக்குத் தூற்றும் எந்திரம் ஒன்று பக்கத்து ஊரில் இருந்தது, அது அங்கேயே பழுதாகி நின்றது. செத்தையும் பொட்டும் கலந்த உளுந்து, குவியல் குவியலாக, ஓடுதளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும், மழை வந்தால் எல்லாம் போச்சு என்ற நிலையில் கிடந்தது.

அப்போதுதான் அண்ணாச்சி அந்தத் தப்பைச் செய்தார். இந்தப் பைத்தியத்தை விட்டுவிட்ட யாரோ ஒருவர் பெங்களூரிலிருந்து ஒன்பது புரொப்பல்லர்களை ஒரே பையில் போட்டு அனுப்பியிருந்தார், எது என்ன அளவு என்று ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. அண்ணாச்சி அவற்றையும் பழைய தகர டப்பாவிலேயே கொட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை கடையில் உட்கார்ந்து கைக்கு வந்த ஒன்றை எடுத்தார், கம்பியில் கோத்துச் சமன் பார்த்தார். ஓர் இலை கனமாக இருந்தது. மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்றால், கனமில்லாத இலையில் துளி டேப் ஒட்டுவார்கள், அல்லது கனமான இலையைப் பின்பக்கம் தேய்ப்பார்கள். அண்ணாச்சியுடையது இருபத்தேழு வருடம் பம்பு உருளைகளைச் சமன் செய்த கை. உருளையில் எங்கே வார்ப்புப் புடைத்திருக்கிறதோ அங்கே கிரைண்டரை வைப்பது அந்தக் கையின் வழக்கம். கவனம் எதிர்க்கடைக்காரரோடு ஏதோ பேச்சில் இருந்தது. கை உப்புத்தாளை எடுத்தது, புடைப்பைத் தேடியது, தேய்த்தது. சமன் ஊசி முனையில் நின்ற மாதிரி நின்றது. அப்புறம்தான் பார்த்தார். தேய்ந்துபோனது எண்.

"சரி, இதுவும் எப்படியும் 'இல்ல'தான், போட்டுப் பாத்துட்டுத் தூரப் போட்டுருவோம்னு நெனச்சேன்" என்றார் என்னிடம். "அந்த நெனப்புலதான் கொண்டு போனேன். நல்ல நெனப்போட கொண்டு போயிருந்தா அது நின்னிருக்காது."

பூலாநத்தத்தில் பத்து மணிக்கு விமானத்தைக் கிளப்பினார். அது ஏறியது. ஏறிய வேகத்திலேயே திரும்பி இறங்கியது. மறுபடி ஏறச் சொன்னார், மறுபடி இறங்கச் சொன்னார், மாடிப்படியில் ஒருவர் ஏறி இறங்குகிற மாதிரி, ஒரே நிதானம். மோட்டார் ஒலி ஒரே சுருதியில் இருந்தது. கடைசியாக, ஒற்றைப் பனை உயரத்தில், மூக்கை வானத்துக்குத் திருப்பி, வாலைத் தரைக்குத் தொங்கவிட்டு, நில் என்றார். நின்றது. இந்த வித்தையில் சாதாரணமாக இரண்டு கையும் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் சாய்ந்துவிடும். அது சாயவில்லை. ஏழாவது நிமிடத்தில் பாட்டரி முடிந்தது என்று ரேடியோ கத்தியது. விமானம் நின்றது. கால் மணி ஆனது, நின்றது. ஒரு மணி நேரம் ஆனது, நின்றது. ரேடியோவின் கத்தல் ஓய்ந்துபோனது, விமானம் நின்றது.

அதற்கு நேர்கீழே, மூன்று ஆள் படுக்கிற அகலத்துக்கு, காற்று வந்துகொண்டிருந்தது. இதை முதலில் பார்த்தவள் சொர்ணக்கிளி. இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து உளுந்து போட்டவள், நாற்பது வயதிருக்கும், வாய்க்குப் பூலாநத்தமே பயப்படும். அவள் அண்ணாந்து ஒருதரம் பார்த்தாள், குனிந்து தன் குவியலை ஒருதரம் பார்த்தாள், சாக்கை இழுத்துக்கொண்டு வந்து விமானத்தின் அடியில் விரித்தாள், சுளகைத் தூக்கிச் சரித்தாள். பொட்டு ஒரு பக்கம் பறந்தது, உளுந்து கருப்புக் கருப்பாகக் காலடியில் விழுந்தது.

"அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் தெக்க தள்ளி நிறுத்துனா நல்லாருக்கும், வெயிலு கண்ணுல அடிக்கி" என்றாள்.

"தாயி, பாட்டரி தீந்துபோச்சி, எந்நேரமும் விழுந்துரும். தள்ளிப் போ."

"விழுந்தாப் பாத்துக்கிடுவோம். எனக்கு ஏழு மூடை கெடக்கு."

சாயங்காலத்துக்குள் ஊருக்குச் செய்தி போய்விட்டது. ஆனால் செய்தி, விமானம் ஆகாயத்தில் நிற்கிறது என்று போகவில்லை. ஏரோட்ரத்தில் காற்று இருக்கிறது என்று போனது. மறுநாள் காலை சுளகோடு நாற்பது பேர் நின்றார்கள். மூன்றாம் நாள் சண்டை வந்தது. நான்காம் நாள் ஊராட்சித் தலைவர் சீனிப்பாண்டி வந்து, குடும்பத்துக்கு அரை மணி நேரம் என்று முறை வகுத்து, பள்ளிக்கூடச் சுவரில் கரியால் எழுதிப் போட்டார். அவர் வீட்டு முறை முதல் வரியில் இருந்ததைப் பற்றி ஊருக்குள் ஒரு வாரம் பேச்சு நடந்தது; விமானத்தைப் பற்றி அவ்வளவு பேச்சு நடக்கவில்லை.

பிறகு அது ஊரின் பொருள்களில் ஒன்றாகிவிட்டது. பஸ் கண்டக்டர் அந்த நிறுத்தத்தைத் தொங்கல் என்று கூப்பிட்டார், ஜனமும் தொங்கல் ஒண்ணு கொடுங்க என்று டிக்கெட் வாங்கியது. மணி பார்க்கிறவர்கள் தரையில் விழும் அதன் நிழலைப் பார்த்தார்கள், அது எந்த விரிசலில் நிற்கிறது என்று பார்த்து உலை வைத்தார்கள். ஒரு கரிச்சான் அதன் வால் தட்டையில் உட்கார்ந்து பூச்சி பிடித்தது, மூன்று மாதத்தில் மோட்டார் ஒலியைப் போலவே கத்தப் பழகியது, அதனால் சில சமயம் ஊருக்குள் இரண்டு விமானம் இருப்பது போல் கேட்டது. உளுந்து முடிந்து கம்பு வந்தது, கம்பு முடிந்து மக்காச்சோளம் வந்தது. பங்குனியில் விவரம் தெரியாத ஒருவர் அதற்கு அடியில் மிளகாய் வற்றலைக் கொட்டிவிட, ஊரும் ஊருக்குத் தெற்கே இரண்டு ஊரும் மூன்று நாள் தும்மிக்கொண்டிருந்தன. காற்று கொஞ்சம் மந்தமாகத் தோன்றினால் பெண்கள் அண்ணாந்து பார்த்து, வேலைக்கு வந்த ஆளிடம் பேசுவது போல, "என்ன இன்னைக்கு ஒரே சொணக்கமா இருக்கு" என்று கேட்பார்கள். சுருதி கூடினதாகச் சிலர் சொன்னார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

சித்திரையில் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். எந்த அலுவலகம் என்று யாருக்கும் ஞாபகமில்லை. கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், போன தூரம் என்று கட்டங்கள் போட்ட தாள் ஒன்று அவரிடம் இருந்தது. முதல் கட்டத்தை நிரப்பினார். இரண்டாவது கட்டத்துக்காக ஒன்றரை நாள் ஊராட்சி அலுவலகத்தில் தங்கிக் காத்திருந்தார். மூன்றாவது கட்டத்தில், நேர்மையாக, சைபர் என்று எழுதினார். தூரம் சைபர் என்பதால் இது பறக்கவில்லை என்றும், பறக்காத பொருளுக்கு அனுமதி தேவையில்லை என்றும் தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, சீனிப்பாண்டி கொடுத்த இரண்டு படி உளுந்தை வேண்டாம் வேண்டாம் என்று வாங்கி ஜீப்பில் வைத்துக்கொண்டு போனார்.

இதையெல்லாம் அண்ணாச்சி சொல்லும்போது கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவருக்கு வராது. ஊருக்குக் காற்று கிடைத்த அந்த ஐந்து மாதமும் அவருக்கு நரகம். இருபது வருடம் தேடிய புரொப்பல்லர் தலைக்கு மேலே, ஒற்றைப் பனை உயரத்தில், சுற்றிக்கொண்டிருந்தது, அது எந்த அளவு என்று அவருக்குத் தெரியாது. தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தான் தேய்த்துவிட்ட எண்ணைத் தூரக்கண்ணாடி காட்டுமா என்று யோசிக்கும் நிலையிலும் அவர் இல்லை. குறுக்களவைக் கண்மதிப்பில் பதிமூன்று என்றார், ஒரு வாரம் கழித்துப் பதிநான்கு என்றார். முறுக்கத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கையில் எடுத்து, கோணமானியை வைத்து அளந்தால்தான் தெரியும். பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை எல்லா அளவையும் புதிதாக வரவழைத்தார். இன்னொரு விமானத்தில் போட்டு, வலது கையாலேயே ஓட்டி, தொங்கும் விமானத்துக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றும் சாய்ந்தது. நோட்டில் இல்லை, இல்லை, இல்லை என்று எழுதினார். கோவில்பட்டிக் கடையில் எரிந்த மோட்டார்கள் வாசல் வரை குவிந்தன. எதிர்க்கடைக்காரர் இன்னொரு ஆளைச் சேர்த்தார்.

விடிந்ததும் பஸ் ஏறி வந்துவிடுவார். கழுத்தில் ரேடியோ தொங்கும். அதை அவர் ஒரு தரம்கூட அணைக்கவில்லை, அணைத்தால் சிக்னல் அறுந்து மோட்டார் நின்றுவிடும். அப்படி நிற்கும்படிதான் எல்லோரும் அமைத்து வைத்திருப்போம், கை தவறிய விமானம் யார் தலையிலும் போய் விழக்கூடாது என்பதற்காக. கோவில்பட்டி வரைக்கும் அந்தச் சிக்னல் எப்படி எட்டியது என்பதற்கும் நான் பொறுப்பில்லை. பையில் ஒரு பழைய ஸ்கூட்டர் பாட்டரியை வைத்து, அதிலிருந்து ரேடியோவுக்கு ஒயர் இழுத்திருந்தார். வலது கையால் சாப்பிட்டார், வலது கையால் பஸ் கம்பியைப் பிடித்தார். இடது கட்டைவிரல், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சியின் மேலேயே இருந்தது. தூக்கத்திலும் இருந்தது என்று அவர் மனைவி சொன்னதாகச் சொல்வார். கடைசியில் அந்த விரலில் குச்சித் தலையின் அச்சாகவே ஒரு குழி விழுந்துவிட்டது. "இதப் பாரும் சார்வாள்" என்று ஒவ்வொரு தடவையும் என் முகத்துக்கு நேரே நீட்டுவார். குழி இருந்தது. பன்னிரண்டு வருடமாக இந்தக் கதைக்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அந்தக் குழி.

சொர்ணக்கிளிக்கும் அவருக்கும் தினம் ஒரு வாய்ச்சண்டை.

"எறக்கிராதிய அண்ணாச்சி, எங்க அக்கா வீட்டுச் சோளம் நாளைக்கி வருது."

"எறங்குனாத்தான தாயி அது என்ன அளவுன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சி?"

"தெரிஞ்சா அதே மாதிரி இன்னொண்ணு வாங்கலாம்லா."

"இதுதான் நிக்கில்லா. இன்னொண்ணு எதுக்கு?"

இன்னொரு நாள், சுளகைத் தட்டிக்கொண்டே, அவள் வேறொன்று சொன்னாள்.

"எனக்கென்னமோ, மொத நாளு வேண்டாம்னு தூக்கிப் போட்டிய பாருங்க, அந்த வெசிறியாத்தான் இருக்கும்னு தோணுது."

"உளறாத."

"எல்லாத்தயும் ஒரே டப்பாவுலதான கொட்டுனிய. அது அதுக்குள்ள கெடக்கா இல்லயான்னு பாருங்க. கெடந்தா நாஞ் சொன்னது தப்பு. இந்தா, டப்பா ஒங்க காலுக்கிட்டதான இருக்கு."

அண்ணாச்சி டப்பாவை எடுத்தார். மூடியை இறுக்கினார். கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். பன்னிரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பதிமூன்றாம் நாள் அவள்தான் ஒரு தூக்கில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஆனியில் காற்று வந்தது. எங்கள் பக்கத்து ஆனிக் காற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது குடத்தை உருட்டும், வேட்டியை அவிழ்க்கும், நடக்கிறவனைப் பின்னாலிருந்து தள்ளி வீட்டுக்கு அனுப்பும். அந்தக் காற்றிலும் விமானம் ஒரு சாண் நகரவில்லை. ஆனால் ஊருக்கு இனி அது தேவைப்படவில்லை. ஆகாயம் முழுக்கக் காற்று இருக்கும்போது மூன்று ஆள் அகலக் காற்றுக்கு யார் முறை கேட்டு நிற்பார்கள்? சுவரில் எழுதியிருந்த கரி அழிந்தது. கண்டக்டர் பழையபடி பூலாநத்தம் என்று கூப்பிட ஆரம்பித்தார்.

ஊர் நன்றி மறக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை சீனிப்பாண்டி தலைமையில் எல்லோரும் ஏரோட்ரத்துக்கு வந்தார்கள். சோளத்தட்டையை இரண்டடி உயரத்துக்குப் பரப்பினார்கள். அதன் மேல் காலிச் சாக்குகள், சாக்குகளின் மேல் பழைய சேலைகள். கோவில் கொடைக்குப் பொங்கல் வைக்கிற பெரிய பானையில் ஊருக்கே பொங்கல் வைத்தார்கள்.

"நாங்க முடிச்சிட்டோம் அண்ணாச்சி" என்றாள் சொர்ணக்கிளி. "ஒங்க வண்டிய எறக்கிக்கிடுங்க. அளவப் பாருங்க. ஒரு கீறல் விழாது, நானே மடியில ஏந்திக்கிடுதேன்."

அண்ணாச்சி அண்ணாந்து பார்த்தார். "காத்து ஜாஸ்தியா இருக்கு. நாளைக்கி எறக்குவோம்" என்றார்.

சனிக்கிழமை வந்தார்கள். "வெயிலு நேர கண்ணுல அடிக்கி. நாளைக்கி." ஞாயிற்றுக்கிழமை பாதிப்பேர்தான் வந்தார்கள். "இன்னைக்கி எனக்குக் கை நடுங்குது." திங்கட்கிழமை சொர்ணக்கிளி மட்டும் வந்தாள், சேலைகள் காற்றில் பறக்காமல் கல் வைத்துவிட்டுப் போனாள். அந்த வாரம் முழுவதும் தினம் ஒரு காரணம் இருந்தது, ஒவ்வொரு காரணமும் நியாயமாகவும் இருந்தது. விமானம் விடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் காரணங்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை.

பத்தாம் நாள் காலை அவர் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது விமானம் அங்கே இல்லை. மெத்தையிலும் இல்லை, காட்டிலும் இல்லை. ஊரே நாலு திசையும் நடந்து தேடியது, ஒரு குச்சி, ஓர் ஆணிகூடக் கிடைக்கவில்லை. ரேடியோவின் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, ஸ்கூட்டர் பாட்டரியில் சார்ஜ் இருந்தது. கரிச்சான் மட்டும் அந்த உயரத்தில், உட்கார இடம் தேடி, இரண்டு நாள் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் பூலாநத்தத்துக்கு மூன்று முறை போயிருக்கிறேன். ஓடுதளத்தில் ஓரிடத்தில் புல் முளைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் புல் முளைக்காத இடம் அங்கே வேறு நான்கும் இருக்கிறது. சொர்ணக்கிளியைப் பார்த்தேன். "ஆமா, நின்னுச்சி. அந்த வருசம் நல்ல உளுந்து" என்றாள். ஐந்து மாதம் பாட்டரி இல்லாமல் மோட்டார் எப்படி ஓடும் என்று கேட்டேன். "அது எப்பிடின்னு அவருகிட்டக் கேளுங்க. எறக்கச் சொன்னோம், அவரு எறக்கல்ல. எனக்கு அதுதான் வெளங்கல்ல" என்றாள். நான் அப்போது அதைக் கவனிக்கவில்லை. நான் மோட்டாரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமும் நான் மோட்டாரையும் பாட்டரியையும் பற்றித்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். நிஜமென்றால், எங்கேயோ சரியான புரொப்பல்லர் ஒன்று இருக்கிறது, நான் போதுமான அளவு தேடவில்லை. பொய்யென்றால், அப்படி ஒன்று கிடையவே கிடையாது, நான் டின்னை மூடிவைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். எது வேண்டும் என்று எனக்கே தெரியாமல் பன்னிரண்டு வருடம் போயிருக்கிறது.

போன மாதம் என் பழைய ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் இரண்டு குச்சிகள். வலதுபக்கக் குச்சியை விட்டால் ஸ்பிரிங் இழுத்து நடுவுக்கே திரும்பும். இடதுபக்கம், மோட்டார் வேகத்துக்கான குச்சி, அப்படித் திரும்பாது; அதில் ஸ்பிரிங் கிடையாது. வைத்த இடத்தில் நிற்கும். ஏற்றினால் டிக் டிக்கென்று பல் பல்லாக ஏறும், இறக்கினால் பல் பல்லாக இறங்கும், கையை எடுத்துவிட்டு ஒருவர் ஊருக்கே போய் வரலாம். இது எனக்கு இருபது வருடமாகத் தெரியும், அண்ணாச்சிக்கு அதற்கும் முன்னாலிருந்து தெரியும். துணி கையிலேயே இருந்தது. அந்தக் குழி விழுந்த விரல் என் கண் முன்னால் வந்து நின்றது. தானே நிற்கிற குச்சியை ஐந்து மாதம் எதற்கு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்?

அண்ணாச்சிக்கு இப்போது எழுபத்து நான்கு. கடையை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் போனபோது மத்தியான வெயில். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்து ஸ்டூலில் அந்தத் தகர டப்பா, மூடி துருப்பிடித்து ஒட்டியிருந்தது. மகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் கேட்காமலே கதையை ஆரம்பித்தார், பெங்களூர்ப் பை, உப்புத்தாள், உளுந்து, தும்மல், அதிகாரி, ஒன்றும் மாறவில்லை, ஒரு வார்த்தைகூட மாறவில்லை. சோளத்தட்டை மெத்தை வரைக்கும் வந்தார். அவருடைய இடது கட்டைவிரல் நாற்காலியின் கைப்பிடியில், அழுத்தி, வெளுத்துப்போய் இருந்தது.

"அது எறங்கவே மாட்டேன்னுட்டு, சார்வாள்" என்றார்.

நான் காப்பியைக் கீழே வைத்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த முன்னுரை எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதிய. அந்த அஞ்சு மாசத்துல ஒரு நாளாவது, ஒரே ஒரு பல்லாவது, அந்தக் குச்சியக் கீழ எறக்கிப் பாத்தியளா?"